சிகரெட்டை விட உதவும் மாத்திரைகள்: மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மருந்தாளுநராகப் பணிபுரியும் எனக்கு, புகைப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சீட்டை நீட்டும்போது கடையில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகள் அவை. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது. ஆனால் மருத்துவர் எழுதித் தரும் மருந்தை முறையாகவும் முழுமையாகவும் எடுத்துக்கொள்ள உதவும். இந்த மருந்துகள் பலருக்குப் பலனளிக்காமல் போவதற்கு, அவை பாதியில் நிறுத்தப்படுவதே முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

சிகரெட்டை விட மனஉறுதி போதாதா? மாத்திரை எதற்கு?

மனஉறுதியால் மட்டுமே விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் எந்த உதவியும் இல்லாமல் முயல்கிறவர்களில் ஆறு மாதம் அல்லது ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். உள்ளே இழுத்த புகையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டி, அங்குள்ள ஏற்பிகளில் (நிகோடின் வந்து பொருந்தும் இடங்களில்) அமர்ந்து, இன்ப உணர்வு தரும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகக் குறைந்துவிடுவதால், மூளை அடுத்த சிகரெட்டைக் கேட்கிறது. பல ஆண்டுகள் இப்படியே பழகிய மூளையில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. இது உடலில் நிகழ்ந்த ஒரு மாற்றம். அதற்கு மருந்து எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை மனஉறுதி இல்லாதவர் என்று யாரும் சொல்வதில்லை.

என்னென்ன மருந்துகள் இருக்கின்றன? எதற்கு மருந்துச் சீட்டு வேண்டும்?

மூன்று வகைகள் முக்கியமானவை. முதலாவது வாரெனிக்ளின் மாத்திரை. இரண்டாவது புப்ரோபியான் மாத்திரை. இது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து. மூன்றாவது, நிகோடினையே சிறு அளவில் புகையின்றித் தரும் சூயிங்கம், தோல் மீது ஒட்டும் பேட்ச், வாயில் கரையும் மாத்திரை போன்றவை. வாரெனிக்ளினும் புப்ரோபியானும் மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே தரப்பட வேண்டியவை. 2 மி.கி. நிகோடின் சூயிங்கத்தைச் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட, புகையிலையை விடுவதற்கான சிகிச்சை வழிகாட்டுதல் இந்த மூன்று வகைகளையும் பரிந்துரைக்கிறது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் சைட்டிசின் என்ற மருந்தும் அதே பட்டியலில் உள்ளது.

இவற்றில் எது சிறந்தது?

2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 16 நாடுகளைச் சேர்ந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். சிகிச்சையின் 9-ஆம் வாரம் முதல் 24-ஆம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் வாரெனிக்ளின் எடுத்தவர்களில் 21.8 சதவீதம், புப்ரோபியான் எடுத்தவர்களில் 16.2 சதவீதம், பேட்ச் ஒட்டியவர்களில் 15.7 சதவீதம், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9.4 சதவீதம். அதாவது, மிகச் சிறந்த மருந்தை எடுத்தவர்களிலும் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த ஒரு முயற்சி போதவில்லை. இதைப் படித்து மனம் தளர வேண்டாம். மருந்து இல்லாததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வாய்ப்பு அது. முதல் முறை பலன் கிடைக்காதவர்கள் சில மாதம் கழித்து அதே மருந்தையோ வேறொன்றையோ எடுத்து மீண்டும் முயலலாம். பேட்சையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பலன் தரும்.

வாரெனிக்ளினை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?

வழக்கமான முறை இது: முதல் மூன்று நாட்கள் 0.5 மி.கி. மாத்திரை தினம் ஒன்று. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை காலையும் இரவும் 0.5 மி.கி.; எட்டாம் நாள் முதல் காலையும் இரவும் 1 மி.கி. மொத்தம் 12 வாரங்கள். மருத்துவர் உங்கள் உடல்நிலையைப் பார்த்து இதை மாற்றி எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சிகரெட்டை முதல் நாளே விட வேண்டும் என்பதில்லை. இதைப் பலர் அறிவதில்லை. மாத்திரையைத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அன்று நிறுத்துவதுதான் வழக்கம். ஒரேயடியாக விட முடியாது என்று அஞ்சுகிறவர்கள், முதல் நான்கு வாரத்தில் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அடுத்த நான்கு வாரத்தில் அதிலும் பாதியாக்கி, 12-ஆம் வார முடிவுக்குள் முழுவதுமாக நிறுத்துவதும் ஏற்கப்பட்ட முறையே. அவர்களுக்கு மருந்து மொத்தம் 24 வாரங்கள் தரப்படும்.

இந்த மாத்திரை, நிகோடின் அமரும் அதே ஏற்பியில் போய் அமர்ந்து அதை ஓரளவு மட்டும் தூண்டுகிறது. அதனால் ஏக்கம் குறைகிறது. இடையே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாலும் நிகோடினுக்கு அங்கே இடம் இல்லாததால் பழைய சுகம் கிடைப்பதில்லை. ‘மாத்திரை போட்ட இரண்டாம் வாரத்தில் சிகரெட் சப்பென்று ஆகிவிட்டது’ என்று சொல்கிறவர்களுக்கு மருந்து சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

மாத்திரை போட்டால் குமட்டுகிறதே?

வாரெனிக்ளினின் பக்கவிளைவுகளில் மிகப் பொதுவானது குமட்டல்தான். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வருகிறது. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் காபியைக் குடித்துவிட்டு, அதனுடனேயே மாத்திரையையும் விழுங்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்த மாத்திரையை அப்படிப் போடவே கூடாது. இட்லியோ பொங்கலோ, காலைப் பலகாரத்தை வயிறார உண்ட பிறகு, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு மாத்திரையையும் படுக்கும் நேரத்துக்குத் தள்ளாமல் சாப்பாட்டுடன் எடுத்துக்கொண்டால், குமட்டலும் தூக்கக் கெடுதலும் குறையும். பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் இரவுப் பணி செய்கிறவர்கள், கடிகாரத்தைப் பார்க்காமல், தாங்கள் தூங்கி எழும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் குமட்டல் தாங்க முடியாவிட்டால் மருத்துவர் அளவைக் குறைத்துத் தருவார். குறைந்த அளவிலும் மருந்துக்குப் பலன் உண்டு. நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மாத்திரை மனநிலையைக் கெடுக்கும், தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

இந்த அச்சத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2009-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், வாரெனிக்ளின், புப்ரோபியான் ஆகிய இரண்டின் உறையிலும் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. அதன் பிறகு நடத்தப்பட்டதுதான் மேலே குறிப்பிட்ட பெரிய ஆய்வு. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்பே மனநலப் பிரச்சினை இருந்தவர்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களோடும் பேட்ச் ஒட்டியவர்களோடும் ஒப்பிட்டபோது, இந்த மருந்துகளால் கடுமையான மனநலப் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. 2016 டிசம்பரில் அந்தக் கட்ட எச்சரிக்கை நீக்கப்பட்டது. இணையத்தில் பழைய எச்சரிக்கை மட்டுமே இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்; அதைப் படித்து மருந்தை மறுப்பவர்களுக்காக வருந்துகிறேன்.

அதே வேளையில், மிகத் தெளிவான, விசித்திரமான கனவுகள் வருவது உண்மைதான். சிகரெட்டை விட்டாலே முதல் சில வாரங்களில் எரிச்சலும் சோர்வும் பதற்றமும் வரும் என்பதும் உண்மை. எனவே வீட்டில் ஒருவரிடமாவது மாத்திரை எடுப்பதைச் சொல்லி வையுங்கள். வழக்கத்துக்கு மாறான கோபமோ, ஆழ்ந்த துயரமோ, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புப்ரோபியான் யாருக்குக் கூடாது?

வலிப்பு நோய் இருப்பவர்களுக்கும், உணவுண்ணுதல் தொடர்பான மனநலக் கோளாறு இருப்பவர்களுக்கும் கூடாது. 300 மி.கி. அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரக்கூடும் என்பதே காரணம். நாள்தோறும் அதிகமாக மது அருந்திவிட்டுத் திடீரென நிறுத்துகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடும். பலர் மனைவியோ மகளோ உடனிருப்பதால் மருத்துவரிடம் மதுவைப் பற்றிச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாவது இதைச் சொல்லியாக வேண்டும்.

வழக்கமாக முதல் மூன்று நாட்கள் தினம் 150 மி.கி., பிறகு காலையும் மாலையும் 150 மி.கி. என எழுதப்படும். இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே குறைந்தது எட்டு மணி நேரம் இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை என்பதால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மனச்சோர்வுக்காக வேறொரு மருத்துவர் இதே மருந்தை வேறு பிராண்டு பெயரில் ஏற்கெனவே கொடுத்திருக்கலாம்; இரண்டு சீட்டுகளையும் மருந்தாளுநரிடம் சேர்த்துக் காட்டுங்கள்.

சிகரெட்டை விட்ட பிறகு படபடப்பு, தூக்கமின்மை. மாத்திரையால்தானா?

இருக்கலாம்; ஆனால் முதலில் நீங்கள் எத்தனை காபி குடிக்கிறீர்கள் என்று பாருங்கள். சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை வேகமாக வேலை செய்ய வைக்கின்றன. காபியிலுள்ள காஃபீனை உடைப்பது அந்த நொதிதான். புகையை நிறுத்திய சில நாட்களில் நொதி பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுவதால், அதே அளவு டிகாக்ஷன் காபியிலிருந்து முன்பைவிட அதிகக் காஃபீன் இரத்தத்தில் தங்குகிறது. நாளுக்கு ஐந்து காபி குடித்துவந்தவர் அதே ஐந்தைத் தொடரும்போது கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை. ‘சிகரெட் இல்லாததால்தான் இப்படி’ என்று எண்ணி மறுபடியும் பற்றவைத்துவிடுகிறார். சிகரெட்டை விடும் வாரத்திலேயே காபியைப் பாதியாகக் குறைப்பது இந்தத் துன்பத்தைப் பெருமளவு தவிர்க்கும்.

காபியோடு சில மருந்துகளும் இதே நொதியைச் சார்ந்தவை. ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் கொடுக்கப்படும் தியோஃபிலின், மனநலச் சிகிச்சையில் பயன்படும் க்ளோசபின், ஒலான்சபின் ஆகியவற்றின் அளவு, புகைப்பதை நிறுத்தியதும் இரத்தத்தில் உயரும். இம்மருந்துகளை எடுப்பவர்கள், சிகரெட்டை விடப்போகும் தேதியை அவற்றை எழுதித் தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பேட்ச் ஒட்டினாலும் இந்த மாற்றம் நிகழும்; ஏனென்றால் நொதியைத் தூண்டியது புகைதான், நிகோடின் இல்லை.

சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் எடுக்கலாமா?

சர்க்கரை நோயாளிகளும் இதய நோயாளிகளும் சிகரெட்டை விடுவதால் மிகுதியாகப் பயன்பெறுவார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் எடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் அந்த வாரங்களில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வாரெனிக்ளின் அளவைக் குறைக்க வேண்டும். அண்மைக்கால இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள்.

கர்ப்பிணிகள்? பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள்?

இவ்விரு பிரிவினருக்கும் இந்த மாத்திரைகள் பொதுவாகத் தரப்படுவதில்லை. நேரடி ஆலோசனையே அவர்களுக்கு முதல் சிகிச்சை.

மாத்திரை எடுக்கும்போது வண்டி ஓட்டலாமா? மது அருந்தலாமா?

சிலருக்குத் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வருவதால், மருந்து தங்கள் உடலில் என்ன செய்கிறது என்று தெரியும்வரை ஆட்டோ, லாரி ஓட்டுகிறவர்களும் அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளில் இயந்திரங்களை இயக்குகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாரெனிக்ளின் எடுக்கும்போது மதுவின் போதை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மருந்து எடுக்கும் காலத்தில் மதுவைத் தவிர்ப்பதே நல்லது. குடிக்கும் வேளையில்தான் விட்ட சிகரெட் மீண்டும் கைக்கு வருகிறது என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

என் கணவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கலாமா?

அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள் அம்மா. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. பல ஆண்டு கெஞ்சிப் பார்த்துச் சலித்த பிறகுதான் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் புப்ரோபியானைப் பொடித்தால், நாள் முழுவதும் மெல்லக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்து வலிப்பை வரவழைக்கக்கூடும். அவருக்கு வேறு நோய் உண்டா, வேறு மருந்து எடுக்கிறாரா என்பதை மருத்துவர் கேட்டறிய வாய்ப்பே இல்லாமல் போகும். குமட்டலோ தலைசுற்றலோ வந்தால் எதனால் என்று தெரியாமல் அவர் வேறு சிகிச்சைக்கு அலைவார். உண்மை வெளிப்படும் நாளில் உங்கள் மீதான நம்பிக்கையும் போய்விடும். மாறாக, இருமலுக்கோ நெஞ்செரிச்சலுக்கோ அவர் மருத்துவமனைக்குச் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். சிகரெட்டை விட மருந்து இருக்கிறதா என்று அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். விடும் எண்ணம் இன்னும் முழுமையாக வராதவர்களுக்கும், மெல்லக் குறைத்துக்கொண்டே வரும் முறை ஒன்று இருப்பதை முன்பே சொன்னேன்.

நான்காம் வாரமே ஆசை போய்விட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. எல்லாக் கேள்விகளிலும் இதற்கான விடையைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது என்று விரும்புகிறேன். ஆசை இல்லாதது போலத் தோன்றுவதற்குக் காரணம், மாத்திரை அந்த ஏற்பிகளில் அமர்ந்திருப்பதுதான். கூடிப்போன ஏற்பிகள் இயல்பு நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் மாத்திரையை நிறுத்தினால், ஒரு திருமண வீட்டிலோ, அலுவலகத்தில் கசப்பான ஒரு பேச்சுக்குப் பிறகு டீக்கடைக்குப் போகும்போதோ, பழைய ஏக்கம் அப்படியே திரும்புகிறது. நான்கு வாரத்துக்கான அட்டைகளை வாங்கிச் சென்றவர் அடுத்த மாதம் வராதபோது, நலமாகிவிட்டார் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பெரும்பாலும் அவரைக் கடைக்கு எதிரிலுள்ள பெட்டிக்கடையில், கயிற்றில் தொங்கும் லைட்டரை இழுத்துப் பற்றவைக்கும்போதுதான் பார்க்கிறேன். மருந்து அவரைக் கைவிடவில்லை; மருந்துக்கு உரிய காலம் கொடுக்கப்படவில்லை.

12 வாரம் முடியும்போது புகைக்காமல் இருப்பவர்களுக்கு, அந்த நிலை உறுதிப்பட மருத்துவர் மேலும் 12 வாரம் எழுதித் தரலாம். செலவு அதிகமாகிறதே என்று தயங்குகிறவர்கள், அதே 12 வாரத்தில் சிகரெட்டுக்குச் செலவழித்திருக்கும் தொகையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். எல்லாம் வீணா?

இல்லை. அன்றைய மாத்திரையை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு தொடருங்கள். எந்த இடத்தில், யாருடன் இருக்கும்போது பிடித்தீர்கள் என்று குறித்துவைத்து அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள்.

நிகோடின் சூயிங்கம் வாயை எரிக்கிறது, விக்கல் வருகிறது. ஏன்?

சாதாரண சூயிங்கம் போல் தொடர்ந்து மென்றிருப்பீர்கள். இதை மெதுவாகச் சில முறை மென்று, காரச் சுவை தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படிச் செய்தால் நிகோடின் வாயின் உட்தோல் வழியே மெல்ல ஏறும். காபி, எலுமிச்சைச் சாறு போன்றவற்றை அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே தவிர்க்க வேண்டும். அவை நிகோடின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு 2 மி.கி. போதாது, அவர்களுக்கு 4 மி.கி. தேவைப்படும்.

மாத்திரைக்குப் பதில் இ-சிகரெட்டுக்கு மாறலாமா?

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இ-சிகரெட்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. கள்ளத்தனமாக விற்கப்படுபவற்றில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

சென்னையில் எங்கே போவது?

உங்கள் குடும்ப மருத்துவரிடமே தொடங்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில், 2002-இல் நாட்டில் முதன்முதலாக அமைக்கப்பட்ட புகையிலை விடுப்பு மையங்களுள் ஒன்று அமைந்தது. சென்ட்ரல் அருகிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். செல்லும்போது, நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். இந்த எண் சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் உதிரியாக ஒன்றிரண்டு வாங்குகிறவர்களின் கைக்கு அந்தப் பெட்டி வருவதே இல்லை. அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் இதை மருந்துக் கவரின் மேல் எழுதியே கொடுக்கிறேன்.

மாத்திரைக்கே அடிமையாகிவிட மாட்டேனா?

வாரெனிக்ளினோ புப்ரோபியானோ சிகரெட்டைப் போல அடிமைப்படுத்துவதில்லை. சிகிச்சை முடிந்து வாரெனிக்ளினை நிறுத்தும்போது, சிறு எண்ணிக்கையிலானோருக்கு எரிச்சலும் தூக்கக் குறைவும் புகைக்கும் எண்ணமும் சில நாட்கள் தலைகாட்டலாம். அப்படி ஆனால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கடைசி அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அவரைப் பார்க்க நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.